யூ.வி. 99 சதவீதம் சரி, வெயில் எத்தனை சதவீதம்?

மாசி முடிந்தாலே இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு ஏ.சி., ஏர்கூலர் கடிதங்கள்தான் குவியும். இந்தத் தடவை பாதிக்கு மேல் ஜன்னல் கண்ணாடி. சேலத்தில் எந்த ரோட்டில் போனாலும் ஒரு யு.பி.வி.சி. (பிளாஸ்டிக் சட்டம்) ஜன்னல் கடை கண்ணில் படுகிறது, அதுதான் காரணமாக இருக்கும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: புது வீட்டு ஹாலில் மேற்குப் பார்த்து எட்டடிக்கு ஆறடி ஜன்னல். கடையில் சிவப்பு பல்பை எரியவிட்டு, நடுவில் கண்ணாடியைப் பிடித்து, பின்னால் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். சாதாரணக் கண்ணாடியில் சுட்டது, அவர்கள் கண்ணாடியில் சுடவே இல்லை. "99 சதவீதம் யூ.வி. கட், வெயிலே உள்ளே வராது" என்கிறார்கள். விலை இரண்டரை மடங்கு. வாங்கலாமா? (ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: அந்தச் சிவப்பு பல்பின் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கோபம். இதைப் பற்றி எழுத ஒரு சாக்குக் கொடுத்தீர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அந்த பல்பிலிருந்து வருவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர், அதாவது கண்ணுக்குத் தெரியாத சூடு. அதை மட்டும் நன்றாகத் தடுக்கிற எந்தச் சரக்கும் அந்த மேஜையில் ஜெயித்துவிடும். வெயில் அப்படி இல்லை. நம் மேல் விழுகிற வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அகச்சிவப்பு, நாற்பது சொச்சம் சதவீதம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம். யூ.வி. என்கிற புற ஊதாக் கதிர் வெறும் 3 முதல் 5 சதவீதம்தான். வெளிச்சமும் உள்ளே வந்து தரையிலும் சோபாவிலும் பட்டதும் சூடாகத்தான் மாறும். ஆக, யூ.வி.யை முழுக்கத் தடுத்துவிட்டாலும் அறைக்குள் வருகிற சூட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் அதிகம். யூ.வி.யைத் தடுப்பது தோலுக்கும் துணிக்கும் நல்லது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "99" என்று பெரிசாகப் போட்டு, அது ஏதோ வெயிலில் 99 என்று உங்களை நினைக்க வைக்கிறார்களே, அதுதான் எரிச்சல். நேரடியாகப் பொய் சொல்வதில்லை. நீங்களே தப்பாகப் புரிந்துகொள்கிற மாதிரி நிறுத்திக்கொள்கிறார்கள்.

கேட்க வேண்டிய எண் எஸ்.எச்.ஜி.சி. கண்ணாடி மேல் விழும் சூரிய வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்று சொல்கிற எண் அது. சாதாரண 6 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு 0.8-க்கு மேல் இருக்கும். நல்ல வெள்ளிப் பூச்சு (லோ-ஈ என்பார்கள்) போட்ட டபுள் கிளேஸில், அதாவது நடுவில் காற்றை அடைத்த இரட்டைக் கண்ணாடியில், 0.3-க்குக் கீழேயும் கிடைக்கிறது. அதோடு வி.எல்.டி. கேளுங்கள், வெளிச்சம் எவ்வளவு வரும் என்பது அது. கண்ணாடியைக் கறுப்பாக்கிச் சூட்டைக் குறைக்க யாராலும் முடியும், அப்புறம் பட்டப்பகலில் ஹாலில் லைட் போட்டு உட்கார வேண்டும். வி.எல்.டி. 50 சதவீதத்தை ஒட்டியும் எஸ்.எச்.ஜி.சி. 0.3-ஐ ஒட்டியும் இருந்தால் அந்தப் பூச்சு உண்மையாகவே வேலை செய்கிறது என்று அர்த்தம். வெறும் டின்ட் கண்ணாடி சூட்டைக் குடித்து, தானும் கொதித்து, பாதியை உள்ளே விடும். சாயங்காலம் நாலு மணிக்குத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

வாங்கலாமா என்றால், கம்பெனி பெயர், பூச்சின் கோடு நம்பர், எஸ்.எச்.ஜி.சி., வி.எல்.டி. நாலையும் கொட்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வாங்குங்கள். "அதெல்லாம் எதுக்கு சார், கையை வெச்சுப் பாருங்க" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, மேற்கு ஜன்னலுக்கு சன் ஷேடு அவ்வளவாக உதவாது, சாயங்கால வெயில் சாய்வாக நேரே உள்ளே வரும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டால், அந்த விலையில் அதை மிஞ்ச எந்தக் கண்ணாடியும் கிடையாது. உள்பக்கத் திரை வேறு கதை, சூடு உள்ளே வந்த பிறகுதான் அது மறிக்கிறது.

கேள்வி: அம்மாபேட்டையில் சேலைக் கடை. ரோட்டைப் பார்த்த ஷோகேஸில் பொம்மைக்குக் கட்டுகிற பட்டு வெளுக்கிறது என்று யூ.வி. ஃபிலிம் ஒட்டினேன். வெளுப்பது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. சாயத்தைத் தின்பதில் யூ.வி. முதல் ஆள், ஆனால் தனி ஆள் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் சூடும் சேர்ந்துதான் தின்கின்றன. சேலையை அவிழ்த்துப் பாருங்கள். மடிப்பின் வெளிவிளிம்பு மட்டும் கோடு போட்ட மாதிரி வெளுத்து, உள்மடிப்பு புதுசாகவே இருக்கும். ஃபிலிம் ஒட்டிய பிறகும் அந்தக் கோடு விழும், கொஞ்சம் தாமதமாக. அடுத்த முறை கண்ணாடியையே மாற்றுவதாக இருந்தால் லேமினேட்டட் போடுங்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைக்கிற பி.வி.பி. தாளே யூ.வி.யில் 99 சதவீதத்தை நிறுத்திவிடும், ஒட்டியது உரிகிற பேச்சே இல்லை. அதுவரை வாசலில் ஒரு சாய்ப்பு இறக்குங்கள், பொம்மையின் சேலையை அடிக்கடி மாற்றுங்கள். வெளுத்ததைத் தள்ளுபடியில் போடும்போது ஏன் தள்ளுபடி என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். நாளைக்கு அவரும் எனக்குத்தான் எழுதுவார்.

கேள்வி: "உள்ளே இருந்து வெளியே தெரியும், வெளியே இருந்து உள்ளே தெரியாது" என்று ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி போட்டார்கள். ராத்திரியில் எதிர்வீட்டுக்கு எங்கள் டி.வி. நன்றாகத் தெரிகிறதாம். (குகை)

பதில்: வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்துக்குத்தான் அது முகம் பார்க்கிற கண்ணாடி. ராத்திரியில் திரையை இழுத்து விடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்ன வீடு. சமவெளியிலிருந்து லோ-ஈ பூச்சு போட்ட டபுள் கிளேஸ் ஜன்னல்கள் வரவழைத்தோம். மாட்டும்போதே கண்ணாடி வெளிப்பக்கம் புடைத்திருந்த மாதிரி இருந்தது. ஒரு மழைக்காலம் போனதும் இரண்டு ஜன்னலில் உள்ளுக்குள் மூட்டமாகிவிட்டது. விற்றவர் "மலைப்பனி சார், துடைச்சுடுங்க" என்கிறார். எங்கே துடைப்பது?

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள் அவரை. உங்களுக்காக வருத்தப்படுகிறேன், இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

வீட்டுக்குள்ளிருந்தோ வெளியிலிருந்தோ துடைத்தால் போவது பனி. எந்தப் பக்கம் துடைத்தாலும் போகாதது இரண்டு கண்ணாடிக்கு நடுவில் இருக்கிறது, அதாவது ஓரத்து சீல் விட்டுப்போய்விட்டது. ஓரத்துப் பட்டைக்குள் ஈரத்தை உறிஞ்சுகிற மணிகள் போட்டிருப்பார்கள், அவை நிரம்பியதும் மூட்டம் தெரிய ஆரம்பிக்கும். அதைக் கழற்றிக் காயவைக்க முடியாது, அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டும்.

சீல் ஏன் விட்டது என்பதற்கு, நீங்கள் சொன்ன அந்தப் புடைப்பைத்தான் நான் சந்தேகிக்கிறேன். நடுவில் அடைபட்டிருப்பது கண்ணாடி செய்த ஊரின் காற்று. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. மேலே வந்ததும் உள்ளே இருக்கிற காற்று வெளியே தள்ளும், இரவு பகல் எந்நேரமும் ஓரத்து சீலை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நீள இரும்பு ஸ்கேலைக் கண்ணாடி மேல் படுக்கவைத்துப் பாருங்கள். நடுவில் தொட்டு, இரு முனையிலும் இடைவெளி தெரிந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள், பின்னால் உதவும். மலைக்கு அனுப்புகிற டபுள் கிளேஸில் அழுத்தம் சமமாவதற்கு முடிமாதிரி ஒரு மெல்லிய குழாயை ஓரத்தில் வைப்பார்கள். ஆர்டர் எடுத்தபோது வீடு ஏற்காட்டில் என்று அவருக்குத் தெரியும் அல்லவா? அப்படியானால் இது உற்பத்திக் குறை, இலவசமாக மாற்றித் தர வேண்டியது. எழுத்தில் கேளுங்கள்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். சேலத்துக்குச் சரியான கண்ணாடி உங்களுக்குச் சரியாக இருக்காது. மார்கழி ராத்திரிக்கு அறைச் சூடு வெளியே போகாமல் இருக்க வேண்டும், அதைச் சொல்வது யு-வேல்யூ. ஒற்றைக் கண்ணாடிக்கு 5.7 அளவில் இருக்கும், லோ-ஈ டபுள் கிளேஸுக்கு 1.8-ஐ ஒட்டி வரும். அது குறைவாகவும், எஸ்.எச்.ஜி.சி. ரொம்பக் குறையாமலும் கேளுங்கள். காலை வெயில் அங்கே விரோதி இல்லையே.

கேள்வி: பேரனுக்கு வைட்டமின் டி-க்காகத் தினமும் ஜன்னலோரம் வெயிலில் படுக்கவைப்பேன். புதுக் கண்ணாடி அதைக் கெடுத்துவிடுமா? (அஸ்தம்பட்டி)

பதில்: பழைய கண்ணாடியே கெடுத்துக்கொண்டுதான் இருந்தது, அம்மா. வைட்டமின் டி-க்குத் தேவையான யூ.வி.-பி கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடியே ஏறக்குறைய முழுக்க நிறுத்திவிடும். வெளியே தூக்கிக்கொண்டு போங்கள். எவ்வளவு நேரம் என்பதைக் குழந்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாடி வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் விலை உயர்ந்த கண்ணாடி போட்டும் படுக்கையறை ராத்திரி பத்து மணிக்கு அடுப்பு மாதிரி இருக்கிறது. கண்ணாடிக்காரர் மேல் கேஸ் போடலாமா? (சூரமங்கலம்)

பதில்: ராத்திரி பத்து மணிக்கு ஜன்னலில் ஏது வெயில்? தலைக்கு மேலே பாருங்கள். நாளெல்லாம் காய்ந்த கான்கிரீட் ராத்திரியில் சூட்டை இறக்குகிறது. மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடியுங்கள், அல்லது தட்டோடு பதியுங்கள். கேஸ் போட வேண்டாம். வாங்குவதற்கு முன்னால் எழுதியிருக்கலாம்.

கேள்வி: ஆன்லைனில் மலிவாக சன் கன்ட்ரோல் ஃபிலிம் கிடைக்கிறதே, நாமே ஒட்டிக்கொள்ளலாமா? (கொண்டலாம்பட்டி)

பதில்: என் வீட்டு மாடிப்படி ஜன்னலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கரும்பச்சை என்று ஒட்டியது இரண்டாவது கோடையில் ஊதாவாகி, ஓரம் சுருண்டு, உரித்தபோது பசை மட்டும் அப்படியே நின்றது. வெறும் சாயம் போட்ட ஃபிலிமின் கதி அதுதான். உலோகப் பூச்சோ செராமிக்கோ உள்ள நல்ல ஃபிலிமும் இருக்கிறது, எழுத்தில் வாரண்டி தருவார்கள். டபுள் கிளேஸ் மேலும் டின்ட் கண்ணாடி மேலும் விசாரிக்காமல் ஒட்டாதீர்கள், சூடு ஒரே இடத்தில் ஏறிக் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

கேள்வி: தெரிந்த பையன் மூலம் "சில்வர் கோட்டிங்" கண்ணாடி, ஒற்றைக் கண்ணாடியாகவே மாட்டினேன். பில் கேட்கவில்லை, முழுப் பணமும் முன்கூட்டியே ஜிபேயில் அனுப்பிவிட்டேன். ஆறு மாதத்தில் ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி. போன் எடுக்க மாட்டேன் என்கிறான். நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும். (அழகாபுரம்)

பதில்: பில் இல்லை, கொட்டேஷன் இல்லை, வேலை முடியும் முன்னாலேயே முழுப் பணம். இந்தப் பகுதியில் இதைப் பற்றி மட்டுமே எத்தனை தடவை எழுதுவது? பத்து ரூபாய்க் கீரையைப் புரட்டிப் பார்த்து வாங்குகிறீர்கள்.

கறுப்புப் புள்ளிக்குக் காரணம் எளிது. மென்பூச்சு என்பது நிஜ வெள்ளி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்கு. காற்று பட்டால் கெடும், கொலுசு செய்கிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதை டபுள் கிளேஸின் உள்முகத்தில் அடைத்துத்தான் வைக்க வேண்டும். ஒற்றைக் கண்ணாடிக்கு என்று இருப்பது வேறு பூச்சு, கண்ணாடி உருவாகும்போதே சூட்டோடு ஏற்றுகிற கடினப்பூச்சு. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு இரண்டும் சாட்சிதான், அழிக்காமல் வையுங்கள். மேற்கொண்டு வழி அடுத்த பதிலில் இருக்கிறது, அவர் உங்களைவிட ஜாக்கிரதையாக இருந்தும் ஏமாந்தவர்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை. பி.எஃப். பணத்தில் கண்ணங்குறிச்சி வீட்டுக்கு லோ-ஈ டபுள் கிளேஸ் போட்டேன். கொட்டேஷனில் பூச்சு பெயர் இருக்கிறது, பில்லும் இருக்கிறது. ஆனால் போட்டது வெறும் கண்ணாடியோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் "உங்களுக்கு என்ன தெரியும்" என்று பேசுகிறார்கள்.

பதில்: டீச்சர், உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது, அதனால்தான் அவர்களுக்குக் கோபம்.

ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து கண்ணாடி அருகே ஒரு லைட்டரைப் பற்றவைத்துச் சற்றே சாய்வாகப் பாருங்கள். இரண்டு கண்ணாடிக்கு நாலு முகம், ஆக நாலு சுடர் தெரியும். பூச்சு இருந்தால் அதில் ஒன்று மட்டும் நிறம் மாறி, இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ நிற்கும். நம் ஊர் வெயிலுக்குச் சரியாகப் போட்டிருந்தால் உங்களிடமிருந்து எண்ணும்போது மூன்றாவது சுடர். நாலும் ஒரே நிறம் என்றால் உங்கள் சந்தேகம் சரி. ஜன்னல் ஜன்னலாகப் பாருங்கள். ஹாலுக்கு மட்டும் நல்லதைப் போட்டுவிட்டுப் பின்னறைக்கு வெறும் கண்ணாடி மாட்டுகிறவர்களும் உண்டு.

பிறகு, கொட்டேஷன் நகலோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்து வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம், கடை கோவையில் இருந்தாலும் சரி. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். லைட்டர் சோதனை உங்கள் மனசுக்குத்தான், கண்ணாடியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்திடமே கேட்கலாம், சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. அதனால் அதுவரை யாரையும் கழற்ற விடாதீர்கள். "பார்த்துட்டுத் தர்றோம்" என்று வந்து எடுத்துப் போனால் சாட்சியும் கூடவே போய்விடும். என்ன ஆனது என்று எழுதுங்கள்.

கேள்வி: காருக்கு வெயில் ஃபிலிம்? (சீலநாயக்கன்பட்டி)

பதில்: முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கத்தில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது விதி. 2012-லேயே உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்கு எதிராகத் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஒட்டிக்கொண்டு போலீஸிடம் மாட்டினால் எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: பூச்சுக் கண்ணாடி போட்டதிலிருந்து அறைக்குள் செல்போன் சிக்னல் விட்டு விட்டு வருகிறது. சம்பந்தம் உண்டா? (செவ்வாய்ப்பேட்டை)

பதில்: உண்டு. உலோகப் பூச்சு சிக்னலையும் மறிக்கும். ஜன்னலைத் திறந்து பேசுங்கள், அல்லது வைஃபை காலிங் போட்டுக்கொள்ளுங்கள்.