வெப் ஆப்ல அனிமேஷன் போடறது பத்தி நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

அனிமேஷன், டிரான்சிஷன் பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கு. ஒரே மாதிரி இருந்தத சேர்த்துட்டேன்.

கேள்வி: அக்கா, சைடு மெனு என் லேப்டாப்ல சூப்பரா வருது, சாதாரண போன்ல திக்கித் திக்கி வருது. லெஃப்ட் ப்ராபர்ட்டிய மைனஸ் 300 பிக்சல்ல இருந்து ஜீரோவுக்கு கொண்டு வரேன், அவ்ளோதான் கோடு.

பதில்: அந்த லெஃப்ட் தான் தம்பி பிரச்சனையே. லெஃப்ட், டாப், விட்த், ஹைட், மார்ஜின் இதுல எத அசைச்சாலும் ப்ரௌசர் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் லேஅவுட்ட (எது எங்க, எவ்ளோ பெருசுங்கறத) மறுபடி கணக்கு போடணும், அப்புறம் பெயின்ட் (வரையறது), அதுக்கப்புறம் தான் கம்போசிட் (வரைஞ்ச லேயர்கள ஒன்னா அடுக்கி ஸ்கிரீன்ல காட்டறது). 60 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன்ல ஒரு ஃப்ரேமுக்கு மொத்தமே 16.7 மில்லிசெகண்ட் தான் இருக்கு, 120 ஹெர்ட்ஸ்னா 8.3, அதுக்குள்ள முடிக்க முடியலன்னா ஃப்ரேம் விட்டுப் போகுது, நீங்க பாக்கற திக்கல் அது தான். லெஃப்ட்ட தூக்கிட்டு டிரான்ஸ்ஃபார்ம்ல டிரான்ஸ்லேட்எக்ஸ் மைனஸ் 100 சதவீதத்துல இருந்து ஜீரோவுக்கு கொண்டு வாங்க. டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி ரெண்டும் பெரும்பாலும் கம்போசிட்டர்லயே முடிஞ்சிடும், மெயின் த்ரெட்ல ஜாவாஸ்கிரிப்ட் பிஸியா இருந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். மறக்காம ப்ரௌசர் டெவ்டூல்ஸ்ல சிபியு த்ராட்லிங் (வேகத்த வேணும்னே குறைக்கற செட்டிங்) போட்டு ஒரு தடவ பாருங்க, நம்ம மெஷின்ல நல்லா ஓடறத வச்சு எதையும் முடிவு பண்ணக்கூடாது.

கேள்வி: அப்போ எல்லாத்துக்கும் வில்-சேஞ்ச் (இது மாறப் போகுதுன்னு ப்ரௌசருக்கு முன்கூட்டியே சொல்ற ப்ராபர்ட்டி) போட்டுடலாமா?

பதில்: வேணாம். ஒவ்வொன்னும் தனி லேயர் ஆகி மெமரிய தின்னும், போன்ல இன்னும் மோசமாகும். உண்மையாவே திக்கற இடத்துல மட்டும் போட்டு பாருங்க. அதே மாதிரி டிரான்சிஷன்ல 'ஆல்'னு எழுதற பழக்கத்தையும் விட்டுடுங்க, எது மாறணுமோ அதோட பேர மட்டும் எழுதுங்க.

கேள்வி: எவ்ளோ நேரம் ஓடணும்னு ஏதாவது கணக்கு இருக்கா? டிசைனர் 600 மில்லிசெகண்ட் குடுத்திருக்காங்க, எனக்கு இழுக்கற மாதிரி தோணுது.

பதில்: உங்களுக்கு தோணறது சரி. பட்டன் நிறம் மாறற மாதிரி சின்ன விஷயம்னா 100ல இருந்து 150, மெனு டயலாக் எல்லாம் 200ல இருந்து 300, இதுக்குள்ள முடிச்சுடறது நல்லது. உள்ள வர்றதுக்கு ஈஸ்-அவுட், ஏன்னா வேகமா ஆரம்பிச்சு மெதுவா நிக்கறதால கிளிக் பண்ணவுடனே ஏதோ நடந்துச்சுன்னு தெரியும். வெளிய போறது இன்னும் கொஞ்சம் சீக்கிரம் போகட்டும், மூடிட்டவங்க அடுத்த வேலைக்கு போயாச்சு. முக்கியமா ஒரு நாளைக்கு எத்தனை தடவ அத பாப்பாங்கன்னு யோசிங்க. முதல் தடவ அழகா இருக்கற 600, தினமும் நூறு தடவ அதே மெனுவ திறக்கறவங்களுக்கு எரிச்சல் தான். கீபோர்ட் ஷார்ட்கட்ல திறக்கறதுக்கு நான் அனிமேஷனே வைக்க மாட்டேன். அசைவு எதுக்குன்னா இது எங்கிருந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு கண்ணுக்கு காட்டறதுக்கு, யாரையும் காக்க வைக்கறதுக்கு இல்ல.

கேள்வி: ஹைட் ஜீரோல இருந்து ஆட்டோவுக்கு அனிமேட் ஆகவே மாட்டேங்குது அக்கா, மேக்ஸ்-ஹைட் 1000 பிக்சல்னு வச்சா டைமிங் கன்னாபின்னான்னு வருது.

பதில்: உள்ள இருக்கறது 200 பிக்சல் தான்னா மீதி 800 பிக்சலுக்கான நேரம் சும்மா போகுது, அதான். கிரிட் வச்சு பண்ணுங்க: கிரிட்-டெம்ப்ளேட்-ரோஸ் 0எஃப்ஆர்ல இருந்து 1எஃப்ஆருக்கு டிரான்சிஷன், உள்ள இருக்கற டிவ்வுக்கு ஓவர்ஃப்ளோ ஹிட்டன். இதுலயும் லேஅவுட் வேலை இருக்கு, ஆனா ஒரு அக்கார்டியனுக்கு (தலைப்ப தொட்டா விரிஞ்சு மூடற பகுதி) பரவால்ல. இன்டர்போலேட்-சைஸ்னு புது ப்ராபர்ட்டி குரோம்ல 2024ல வந்துச்சு, அதுல ஆட்டோவுக்கே நேரா போகும், எல்லா ப்ரௌசர்லயும் வர்ற வரைக்கும் கிரிட்டே போதும்.

கேள்வி: ரியாக்ட்ல மோடல் (பக்கத்து மேல வர்ற பாப்அப்) வர்றப்போ அனிமேஷன் வருது, மூடறப்போ டக்குனு காணாம போயிடுது, ஏன்?

பதில்: ஸ்டேட் ஃபால்ஸ் ஆனவுடனே ரியாக்ட் அந்த எலிமெண்ட்ட டாம்ல (ப்ரௌசர் வச்சிருக்கற பக்கத்தோட அமைப்பு) இருந்தே எடுத்துடுது, இல்லாத ஒன்ன எப்படி அசைக்கறது? மோஷன் லைப்ரரில அனிமேட்பிரசென்ஸ் இருக்கு, அது வெளிய போற அனிமேஷன் முடியற வரைக்கும் எலிமெண்ட்ட பிடிச்சு வச்சுக்கும். வ்யூ (Vue) ஃப்ரேம்வொர்க்ல டிரான்சிஷன் கம்போனென்ட் கூடவே வருது, ஸ்வெல்ட்லயும் அப்படித்தான். கையால எழுதறீங்கன்னா டிரான்சிஷன்எண்ட் ஈவன்ட்ட மட்டும் நம்பி எலிமெண்ட்ட எடுக்காதீங்க, நடுவுல டிஸ்ப்ளே நன் ஆனாலோ மதிப்பு மாறவே இல்லனாலோ அந்த ஈவன்ட் வராது, மோடல் அப்படியே மாட்டிக்கும். எலிமெண்ட்.அனிமேட் போட்டு அதோட ஃபினிஷ்ட் ப்ராமிஸுக்கு காத்திருங்க, கேன்சல் ஆனா ரிஜெக்ட் ஆகும், அதையும் பிடிச்சுக்கோங்க.

கேள்வி: லிஸ்ட்ல ஐட்டம்ஸ் இடம் மாறறப்போ குதிக்காம நகரணும், வழி?

பதில்: ஃப்ளிப்னு ஒரு முறை, பால் லூயிஸ் 2015ல எழுதினது. பழைய இடத்த அளந்துக்கோங்க, இடத்த மாத்திடுங்க, புது இடத்தையும் அளந்துட்டு அந்த வித்தியாசத்த டிரான்ஸ்ஃபார்மா குடுத்து பழைய இடத்துலயே இருக்கற மாதிரி காட்டுங்க, அப்புறம் டிரான்ஸ்ஃபார்ம ஜீரோவுக்கு விடுங்க. லேஅவுட் ஒரே தடவ தான் மாறுது, மீதி எல்லாம் கம்போசிட்டர் வேலை, எனக்கு ரொம்ப பிடிச்ச டெக்னிக் இது. இப்போ பழைய காட்சில இருந்து புதுசுக்கு ப்ரௌசரே அசைச்சு காட்டற வ்யூ டிரான்சிஷன் (View Transition) ஏபிஐயும் இருக்கு, குரோம்ல 2023, சஃபாரில 2024, ஃபயர்ஃபாக்ஸ்ல 2025ல வந்துடுச்சு, அது இல்லாத பழைய ப்ரௌசரா இருந்தா செக் பண்ணி நேரா அப்டேட் பண்ணிடுங்க.

கேள்வி: க்ளையன்ட் ஸ்க்ரோல் பண்ண பண்ண எல்லாமே பறந்து வரணும்ங்கறாங்க. ரெட்யூஸ்ட் மோஷன் செட்டிங் யாரு போடுவாங்க, அதுக்கு தனியா நேரம் செலவு பண்ணணுமான்னும் கேக்கறாங்க மேடம்.

பதில்: பண்ணியே ஆகணும்ங்க, இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். உள்காது சமநிலை கோளாறு இருக்கறவங்களுக்கு பெரிய அசைவு, பேரலாக்ஸ் (பின்னணியும் முன்னாடி இருக்கறதும் வேற வேற வேகத்துல நகர்றது), ஜூம் இதெல்லாம் தலைசுத்தல், வாந்தி வரைக்கும் கொண்டு போகும், அவங்க போன்லயே அசைவ குறைன்னு செட்டிங் போட்டு சொல்லியாச்சு, நாம அத மதிக்கலன்னா என்ன அர்த்தம்? ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் மீடியா க்வெரி சில வரி தான். எல்லாத்தையும் நிறுத்தணும்னு இல்ல, பறந்து வர்றத லேசான ஃபேடா மாத்தினா போதும். தானா ஓடறது 5 செகண்டுக்கு மேல போனா நிறுத்த பட்டன் குடுங்க, செகண்டுக்கு 3 தடவைக்கு மேல எதுவும் பளிச்சிடக்கூடாது, ரெண்டுமே டபிள்யூசிஏஜி (எல்லாரும் பயன்படுத்தற மாதிரி வெப் பக்கம் செய்யறதுக்கான வழிகாட்டி) விதி. ஸ்க்ரோல்ல பறக்கறதுக்கு, க்ளையன்ட்கிட்ட ஒரு பக்கத்த பறக்கவிட்டும் இன்னொன்ன சும்மாவும் போன்ல குடுத்து, ஒரு தகவல தேடி எடுக்க சொல்லுங்க, எது சீக்கிரம் கிடைச்சுதுன்னு அவங்களே பாக்கட்டும்.