முகவாட்டத்தோடு ஓர் உயிர்ப்புக் காலம்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 43 வயது. குமரி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. எங்கள் பங்கில் 14 ஆண்டுகளாக ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். இப்போது ஒன்பதாம் வகுப்பு, பதிவேட்டில் 38 பிள்ளைகள்.

இந்தத் தவக்காலம் முழுக்க ஓட்டம்தான். வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, பிள்ளைகளின் பாடுகள் நாடகத்துக்கு மூன்று வாரம் ஒத்திகை, குருத்தோலைப் பவனி, பெரிய வியாழன் இரவு ஆராதனை. பள்ளியில் ஆண்டுத் தேர்வு வேலையும் சேர்ந்துகொண்டது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய பாஸ்கா இரவில் திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பிக்கும் நேரம், எல்லாரும் மெழுகுதிரி பிடித்து நின்று பதில் சொன்னோம். என் வாயும் சொன்னது. கண் மட்டும், எந்தப் பிள்ளையின் திரி முன்னால் நிற்பவளின் சடைக்குக் கிட்டே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த அக்கா கண்ணீரோடு பாடினார்கள். எனக்குள் ஒன்றுமே இல்லை.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு 11 பேர்தான் வந்தார்கள். உயிர்ப்பின் மகிழ்ச்சி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், சந்தோசம் சந்தோசம்னு சொல்லுறீங்க, உங்க மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

மே மாதம், பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை. விடுமுறை தொடங்கியதும் நான்கு வாரம், வாரத்தில் ஆறு நாள், காலையில் ஒன்றரை மணி நேரம் வகுப்பு. எடுப்பது நான் என்று திருப்பலி முடிவில் அறிவித்துவிட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. மறுக்கவும் எனக்கு வரவில்லை.

தினமும் நாலரைக்கு எழுந்து ஜெபமாலை சொல்கிறேன். எந்த மறைபொருளில் நிற்கிறேன் என்றே தெரிவதில்லை. நம்பாததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் போலியாகிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா? வீட்டுக்காரர் "விட்டுத் தொலை" என்கிறார். மறைக்கல்வியிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதி பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். கொடுத்துவிடட்டுமா?

— பெயர் வேண்டாம்

*

அன்புச் சகோதரிக்கு,

அந்தக் கடிதத்தைக் கொடுக்கவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். முதலில் பைபிளிலிருந்து எடுத்து பீரோவில் வையுங்கள். ஜெபிக்கத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டால் ஒவ்வொரு ஜெபமும் ராஜினாமா விசாரணையாகிவிடும். பாஸ்கா காலம் நிறைவடையும் பெந்தக்கோஸ்துத் திருநாள் முடிந்த பிறகு எடுத்துப் படிக்கலாம்.

இந்தத் தவணை என் சொந்த யோசனை இல்லை. ஆறுதல் வற்றிக் கிடக்கும் காலத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் எழுதிவைத்த விதி. அவர் அதே இடத்தில், வறட்சி வந்தால் ஜெபத்தை நீட்டு, தவமுயற்சியைக் கூட்டு என்றும் சொல்கிறார். அதை இப்போது நீங்கள் பின்பற்ற வேண்டாம். அது தூங்கி எழுந்த உடம்புக்குச் சொன்னது. ஸ்பெயினின் மன்ரேசாவில் அளவுக்கு மீறி நோன்பிருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர் அவர், பின்னாளில் மற்றவர்களை அதிலிருந்து தடுத்தவரும் அவரே.

இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பாத்திரம் கழுவி, மறுநாளைக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டுப் படுக்கப் பதினொன்று ஆகும் என்று வைத்துக்கொண்டால் உங்கள் தூக்கம் ஐந்தரை மணி நேரம். பல வாரம் இப்படிப் போனால் மனசில் முதலில் மங்குவது மகிழ்ச்சிதான். கடமை கடைசி வரை ஓடும். அதனால்தான் வேலை எதுவும் நிற்காமல் நடக்கிறது, உள்ளே மட்டும் வெறுமையாக இருக்கிறது.

பாஸ்கா இரவில் நடந்ததும் எளிதில் விளங்கக் கூடியதே. எரியும் திரிகளோடு நிற்கும் பிள்ளைகளைக் காவல் காக்கும் மனசு, அதே நொடியில் உருகி ஜெபிக்க முடியாது. பக்கத்து அக்காவிடம் அன்று காவல் வேலை இல்லை. உங்களிடம் இருந்தது. உங்களால் ஒரு பிள்ளையின் சடையும் கருகவில்லை. இது பாவமில்லை, எனவே பாவசங்கீர்த்தனத்தில் பாவமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குருவிடமோ சிஸ்டரிடமோ பேச விரும்பினால் தனியாக நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில், பின்னால் வரிசை நிற்கும்போது, இதற்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும்.

இனி, இது எந்தச் சோர்வு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாம் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும், மருந்து வேறு வேறு. வெறும் உடல் களைப்பு என்றால் பத்துப் பன்னிரண்டு நாள் ஏழு மணி நேரம் தூங்கினால் பெரும்பாலும் விலகும். பணிச்சோர்வு என்றால் அந்த வேலையை ஒட்டியே இருக்கும். இதை நெடுங்காலம் ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று முகம் சொன்னார்: வற்றிப்போதல், மனிதர்களிடம் ஒட்டாமை, 'என்னால் ஒன்றும் ஆகவில்லை' என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதை நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. உங்கள் கடிதத்தில் முதலாவதும் மூன்றாவதும் தெளிவாக இருக்கின்றன. இரண்டாவது இல்லை. பிள்ளைகளிடம் ஒட்டாதவர் ஒரு பையன் கேட்ட கேள்விக்கு வீட்டுக்கு வந்து அழமாட்டார்.

மனச்சோர்வு நோய் வேறு. அது கோயிலோடு நிற்காது. சாப்பாடு, சிரிப்பு, வீட்டுப் பேச்சு எதிலும் பிடிப்பில்லாமல், நாளின் பெரும்பகுதி, அநேகமாகத் தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். இன்னொன்று, உங்கள் வயதில் ரத்தச்சோகையும் தைராய்டு குறைவும் இதே முகத்தோடு வரும். இந்த வாரமே ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துவிடுங்கள். மாதவிடாய் ஒழுங்கு மாறியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆன்ம வறட்சி என்று நினைத்து இரும்புச்சத்துக் குறைவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பங்குதோறும் இருக்கிறார்கள்.

தவக்காலத்துக்கு நம்மிடம் திட்டம் உண்டு. எந்த வெள்ளி எந்த அன்பியம் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பக் குழு) சிலுவைப்பாதை நடத்துகிறது என்பது வரை அச்சடித்து ஒட்டிவிடுகிறோம். பாஸ்கா காலம் அதைவிட நீளம், 50 நாள். அதற்கு என்ன திட்டம்? திங்கட்கிழமை பந்தலைப் பிரிப்பதோடு சரி. நம் ஊரில் அந்த 50 நாளிலேயே பரீட்சை முடிவு, விடுமுறை விவிலியப் பள்ளி, புதுநன்மை எல்லாம் வந்து விழுகின்றன. நாற்பது நாள் கொடுத்துத் தீர்ந்தவர் வாங்கிக்கொள்ள வேண்டிய காலத்திலும் மறுபடி கொடுக்கிறார். உங்கள் வெறுமையில் பாதி இந்த நாட்காட்டியின் கோளாறு.

ஆகவே மீதமுள்ள வாரங்களுக்கு ஒரு திட்டம். முதல் இரண்டு வாரம் நாலரைக்கு எழாதீர்கள். அலாரம் ஐந்தரைக்கு. ஜெபமாலையில் பத்து மணிகள் போதும், அதையும் பேருந்திலோ மாலையிலோ சொல்லலாம். நண்பகலில், பாஸ்கா காலத்துக்குரிய 'விண்ணக அரசியே' ஜெபம் ஒரு நிமிடம். குற்ற உணர்வு வரும், நிச்சயம் வரும். அப்போது 1 அரசர் 19ஐப் பாருங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் அடியில் படுத்த எலியாவிடம் வானதூதர் ஜெபம் பண்ணச் சொல்லவில்லை. எழுந்து சாப்பிடு என்றார். எலியா சாப்பிட்டு மறுபடி தூங்கினார், தூதர் மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தார். அதற்குப் பிறகுதான் ஓரேபு மலைக்கு நாற்பது நாள் நடை. திபேரியக் கடற்கரையிலும் உயிர்த்த இயேசு பேதுருவிடம் "என்மீது அன்பு உண்டா" என்று கேட்டது உணவருந்திய பின்தான்.

வாரம் ஒரு திருப்பலி வேலையில்லாமல் பாருங்கள். வாசகம், பாடல், பிள்ளைகளை உட்கார வைப்பது எதுவும் இல்லாமல். சொந்தப் பங்கில் அது முடியாது, உங்களைக் கண்டதும் யாராவது ஒரு தாளை நீட்டுவார்கள். வார நாளில் பக்கத்துப் பங்குக்குப் போய் தூண் ஓரமாக உட்காருங்கள்.

தினமும் பத்து நிமிடம் உயிர்ப்புப் பகுதிகளில் ஒன்று. வாரத்துக்கு ஒன்று போதும்: யோவான் 20:11-18, லூக்கா 24:13-35, யோவான் 20:19-29, யோவான் 21:1-19. வாய்விட்டு ஒருமுறை மெதுவாக வாசித்துப் புத்தகத்தை மூடுங்கள். இந்தக் காட்சியில் நான் எங்கே நிற்கிறேன் என்ற ஒரே கேள்வியோடு உட்காருங்கள். இது எங்கே கெடும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது நிமிடத்தில் உங்களுக்குள் இருக்கும் டீச்சர் எழுந்து, "இதை ஒன்பதாம் வகுப்புக்கு எப்படிச் சொல்லலாம்" என்று ஆரம்பிப்பார். பதினான்கு வருடப் பழக்கம், அவரைத் திட்டிப் பயனில்லை. பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்துக்கொண்டு இரண்டு வார்த்தை எழுதிவிட்டுத் திரும்பி வாருங்கள். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும்.

இரண்டு சீடர்கள் எம்மாவு ஊருக்கு நடந்துபோகும் லூக்கா 24ஆம் அதிகாரப் பகுதியில் ஒரு வரியை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். அடையாளம் தெரியாமல் வழியில் வந்து சேர்ந்த இயேசு, என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டதும் அந்த இருவரும் 'முகவாட்டத்தோடு' நின்றார்கள் என்கிறார் லூக்கா. அதோடு விடவில்லை, அதே முகவாட்டத்தோடு முழுப் பாடத்தையும் ஒப்பிக்கிறார்கள்: நாசரேத்து இயேசு, சிலுவை, மூன்றாம் நாள், வெறுமையான கல்லறை, பெண்கள் கண்ட வானதூதர் காட்சி. ஒரு தகவலும் தப்பில்லை. "எதிர்பார்த்திருந்தோம்" என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் உடைகிறது. அவர்களைப் போலிகள் என்று இயேசு சொல்லவில்லை. அறிவிலிகளே என்று கடிந்துகொண்டார், ஆனால் விட்டுப் போகாமல் இருட்டும் வரை கூடவே நடந்தார். உங்கள் வகுப்புப் பையன் கேட்டதும் ஏறக்குறைய அந்த வழிப்போக்கர் கேட்ட கேள்விதான். அவனுக்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை. "ரொம்பக் களைப்பா இருக்கேன்டா, ஆனாலும் நான் சொன்னது நிசம்தான்" என்று சொல்லிவிடலாம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பதில் தாங்கும்.

வராத 27 பேரைத் தேடி இப்போது வீடுவீடாகப் போகாதீர்கள். பரீட்சை, டியூசன், தாத்தா வீடு என்று போயிருப்பார்கள், உங்கள் முகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வந்த 11 பேரை, பாஸ்கா இரவில் ஏற்றிய பெரிய மெழுகுதிரியான பாஸ்காத் திரி முன்னால் கூட்டிப் போங்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி, மின்விசிறியை நிறுத்தித் திரியை ஏற்றச் சொல்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு ஆளுக்கு ஒன்றாக, பார்த்ததைச் சொல்ல வேண்டும். சிலுவைக் கோடு, மேலே அகரம், கீழே னகரம், நான்கு மூலையில் ஆண்டின் நான்கு இலக்கம், ஐந்து காயங்களுக்காகக் குத்திய ஐந்து சாம்பிராணி மணி என்று அவர்களாகவே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு விளக்கினால் வகுப்பு அங்கேயே முடிந்தது. கடைசியில் ஒரு கேள்வி: பாஸ்கா இரவில் எது ஞாபகம் இருக்கிறது? கையில் சொட்டிய மெழுகு, வாசகத்தில் தூங்கியது, வெளியே எரிந்த நெருப்பு என்பார்கள். அதிலிருந்து பேசுங்கள். 4ஆம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் புனித சிரில் பெயரில் நமக்குக் கிடைத்துள்ள போதனைகளும் இப்படித்தான். பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு, அவர்கள் கண்டதையும் தொட்டதையும் வைத்தே அந்த வாரத்தில் விளக்கம் தந்தார்கள். புதுப் பாடம் தயாரிக்க வேண்டாத வகுப்பு இது. உங்களுக்கு இப்போது இதுதான் தோது.

புதுநன்மைக்கு வருவோம். ஒன்றரை மணி, ஆறு நாள், நான்கு வாரம் என்றால் 36 மணி நேரம். ஒரு மணி நேர ஞாயிறு வகுப்புக் கணக்கில் 36 வார வேலை, ஒரே மாதத்தில். இதைப் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும். குரு உடைமாற்றும் சக்றீஸ்து அறையில், திருப்பலி முடிந்த கூட்டத்தில் சொல்லாதீர்கள், "பாத்துக்கலாம் டீச்சர்" என்று போய்விடுவார். மாலையில் நேரம் கேட்டு, இந்த ஆண்டு செய்த வேலைகளை மணிக்கணக்கோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். புலம்பல் வேண்டாம், மாற்று வழியோடு பேசுங்கள்: "ஃபாதர், ஒப்புரவும் நற்கருணையும் நான் எடுக்கிறேன், வாரம் இரண்டு நாள். மந்திரம் மனப்பாடம் செய்ய வைப்பதை அந்தந்த அன்பியத்து அம்மாமார் பார்க்கட்டும். பாட்டையும் ஒத்திகையையும் இளைஞர் இயக்கத்துக்குக் கொடுங்கள்." "வேற யாரு இருக்கா?" என்ற கேள்வி வரும். இரண்டு பெயரைச் சட்டைப்பையில் வைத்திருக்கிற மாதிரி நாக்கு நுனியில் வைத்திருங்கள், அவர்களிடம் முதல் நாளே பேசியும் வைத்திருங்கள். இப்படி 36 மணி 12 ஆகும். இஞ்ஞாசியார் விதிக்கு இது விரோதமா என்று யோசிக்காதீர்கள். சுமையைப் பகிர்வது அழைத்தலை விடுவதாகாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே மாதம் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் முறையான பணியாக ஏற்படுத்தினார். பணி என்று வந்துவிட்டால் அதற்கு ஓய்வும் உண்டு, ஓராண்டு விடுப்பும் கேட்கலாம்.

வீட்டுக்காரர் "விட்டுத் தொலை" என்பது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வது. இரண்டு வாரத்துக்கு இரவுக் காய் நறுக்கலை அவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

பெந்தக்கோஸ்துக்கு அடுத்த வாரம் அந்தக் கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவையும், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.