கேட்ட விலையைவிடக் கூடுதலாக செக் வந்தால் நம்பலாமா?

அமெரிக்காவில் 300 டாலருக்கு சோஃபா விற்கிறீர்கள். வாங்குபவர் 1,800 டாலருக்கு கேஷியர் செக் (வங்கியே தன் பொறுப்பில் எழுதித் தரும் செக்) அனுப்பி, மீதி 1,500-ஐ சோஃபாவை ஏற்றிப்போகும் லாரிக்காரருக்கு அனுப்பச் சொல்கிறார். அனுப்பாதீர்கள், இது பழைய மோசடி.

பலர் ஏமாறுவது, கணக்கில் பணம் ஏறிவிட்டதைப் பார்த்துத்தான். இத்தகைய செக்குக்கு வங்கி பெரும்பாலும் ஓரிரு நாளில் பணத்தை எடுக்க விடவேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆனால் அது போலி என்று தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம். தெரிந்ததும் வங்கி 1,800-ஐயும் உங்கள் கணக்கில் கழித்துவிடும். நீங்கள் அனுப்பிய 1,500 போனது போனதுதான்.

பொருளைப் பார்க்காமல், பேரமும் பேசாமல் அவசரப்படுத்தினாலே சந்தேகப்படுங்கள். (பழைய சோஃபாவைப் பேரம் பேசாமல் யார் வாங்குவார்?) செக் உண்மையா என்று கேட்க, செக்கில் அச்சிட்ட நம்பரை விட்டுவிட்டு, அதில் பெயருள்ள வங்கியின் நம்பரை நீங்களே தேடிக் கூப்பிடுங்கள். சரி, செக்கைப் போட்டாயிற்றா? பணத்தைத் தொடாமல் உங்கள் வங்கியிடம் உடனே சொல்லிவிடுங்கள்.