இசிஜி நார்மல்தான், ஆனாலும் வீட்டுக்கு விடவில்லையே?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 61, இனிப்புநீர் உண்டு. போன மாதம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சு எரிகிறது, வியர்க்கிறது என்றார். கேஸ் என்று நினைத்து மருந்து கொடுத்தோம், கொஞ்சம் தணிந்தது. ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்துவிட்டது. டாக்சி பிடித்து அவசரப் பிரிவுக்குப் போனோம். இசிஜி நார்மல் என்றார்கள், ஆனால் வீட்டுக்கு விடவில்லை. இரண்டு முறை ரத்தம் எடுத்து, லேசான மாரடைப்பு என்று வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் மாலைதான் ஆஞ்சியோகிராம் செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். எதிர்வீட்டு மாமாவுக்கோ ஆம்புலன்சில் போன சூட்டோடு ஸ்டென்ட் வைத்தாயிற்று. அப்பா விஷயத்தில் அலட்சியமாக இருந்துவிட்டார்களா? இனி இப்படி வந்தால் நாங்கள் என்ன செய்வது?

பதில்: அலட்சியம் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவசரப் பிரிவு செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது. பிரச்சினை அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இசிஜி. நெஞ்சு வலி என்று வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுத்து, ஒரு டாக்டர் அதைப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அந்தத் தாள் காட்டுவது, எடுத்த அந்தச் சில நொடிகளில் இதயம் எப்படி இருந்தது என்பதை மட்டும்தான். ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி முழுதாக அடைக்காமல் பாதி அடைத்திருந்தாலோ, அடைத்துத் திறந்து அடைத்துத் திறந்து கொண்டிருந்தாலோ கோடுகள் ஒழுங்காகவே இருக்கலாம். இதயத்தின் பின்பக்கத்தில் வரும் அடைப்பும் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கும் வழக்கமான பன்னிரண்டு லீட் இசிஜியில் சரியாகத் தெரியாது. முதுகுப் பக்கம் ஒட்டுகளை மாற்றி வைத்து எடுத்தால்தான் பிடிபடும். அதனால்தான் வலி திரும்பும்போதெல்லாம் திரும்பவும் எடுப்பார்கள். தாதி பேனாவால் நேரம் எழுதி, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். பழைய இசிஜி இருந்தால் அதையும் சேர்த்துப் பார்ப்போம். ஒற்றைத் தாளில் ஒன்றுமே சொல்லாத ஒரு சின்ன வளைவு, மூன்றையும் வரிசையாக வைத்தால் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது அந்த இரண்டு ரத்தப் பரிசோதனைகள். இதயத் தசை காயப்பட்டால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். ஆனால் உடனே கசியாது, சில மணி நேரம் பிடிக்கும். வலி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வந்தவருக்கு முதல் ட்ரோபோனின் சாதாரணமாக இருந்தால் அதை நம்பி அனுப்ப முடியாது. இப்போதுள்ள நுட்பமான பரிசோதனையில் ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, அளவு ஏறுகிறதா என்று பார்க்கிறோம். எண்ணைவிட ஏற்றம் முக்கியம். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ட்ரோபோனின் எப்போதுமே கூடுதலாக இருக்கலாம். அது ஏறாமல் இறங்காமல் அப்படியே நின்றால் மாரடைப்பாக இருக்க வாய்ப்புக் குறைவு. உங்கள் அப்பாவுக்கு ஏறியிருக்க வேண்டும், அதனால்தான் சேர்த்தார்கள். அந்தக் காத்திருப்பில் எரிச்சல் வருவது எனக்குப் புரிகிறது. சும்மா உட்கார வைத்துவிட்டார்கள் என்று குடும்பங்கள் சண்டைக்கே வருவார்கள். அங்கே அந்தக் காத்திருப்புதான் பரிசோதனை.

இதற்கிடையில் டாக்டர் வேறு சிலவற்றையும் மனதில் வைத்திருப்பார். வலி கிழிப்பதுபோல முதுகுக்குப் பாய்ந்து, இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் வேறு வேறாக இருந்தால் பெருந்தமனியின் சுவர் பிளந்திருக்கலாம். அந்த ஆளுக்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தால் ஆபத்து. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும் கிட்டத்தட்ட மாரடைப்பு மாதிரியே வரும். எக்ஸ்ரே எடுப்பது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது எல்லாம் இதற்காகத்தான்.

சரி, எதிர்வீட்டு மாமா. அவருக்கு வந்தது குழாய் முழுதாக அடைத்துக்கொண்ட மாரடைப்பாக இருக்கும். இசிஜியில் எஸ்டி என்ற பகுதி தூக்கிக்கொண்டு நிற்கும். அங்கே நிமிடத்துக்கு நிமிடம் தசை செத்துக்கொண்டிருக்கிறது, எனவே ரத்தப் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. நோயாளி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததிலிருந்து பலூனால் குழாயைத் திறக்கும் வரை 90 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. அவர் ஆம்புலன்சில் போனதும் உதவியிருக்கும். குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்சிலேயே இசிஜி எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். வண்டி வந்து நிற்பதற்குள் ஆஞ்சியோ குழுவுக்குத் தகவல் போயிருக்கும்.

உங்கள் அப்பாவுக்கு வந்தது மற்ற வகை. குழாயில் இன்னும் கொஞ்சம் ரத்தம் ஓடுகிறது. ஆஸ்பிரின், கூடவே டிகாக்ரிலோர் அல்லது குளோபிடோக்ரெல், ஹெபரின் வகை ஊசி ஆகியவற்றால் கட்டியை அடக்கி வைத்துக்கொண்டு, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்வது ஏற்கப்பட்ட முறை. மருந்துக்கும் வலி அடங்கவில்லை, ரத்த அழுத்தம் விழுகிறது, இதயத் துடிப்பு தாறுமாறாகிறது என்றால் அவரையும் உடனே கொண்டுபோவார்கள். லேசானது என்று யாரோ சொன்னதை வைத்து அசட்டையாக இருந்துவிடாதீர்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இந்த வகை ஆபத்தில் மற்றதற்குக் குறைந்ததல்ல.

இப்போது அந்த ஒரு மணி நேரத்துக்கு வருகிறேன். கேஸ் மருந்து குடித்ததும் தணிந்தது என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். மாரடைப்பு வலியும் தானாக வந்து வந்து போகும். அது போகும் நேரமும் நீங்கள் மருந்து கொடுத்த நேரமும் ஒத்துப்போகலாம். அதே மாதிரி, ரத்தக் குழாயை விரிக்க நாக்குக்கு அடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரைக்கு வலி அடங்கியது என்பதால் அது இதய வலிதான் என்றும் சொல்லிவிட முடியாது. உணவுக்குழாய் இறுகி வரும் வலியும் அதற்கு அடங்கும்.

இனிப்புநீர் உள்ளவர்கள், பெண்கள், வயதானவர்கள் பலருக்கு சினிமாவில் வருவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் வலி வருவதில்லை. மூச்சு வாங்கும், குளிர்ந்து வியர்க்கும், வாந்தி வரும், மேல்வயிறு கனக்கும், தாடை இழுக்கும். உங்கள் அப்பாவுக்கு எரிச்சலோடு வியர்வையும் இருந்திருக்கிறது. ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சட்டை நனைந்தால் அதைக் கேஸ் கணக்கில் எழுதக்கூடாது. தெற்காசியர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது என்பதையும் நம் வீடுகளில் நினைவில் வைக்க வேண்டும். நாற்பதுகளில் உள்ள அண்ணனுக்கும் இதே கவனம் வேண்டும்.

டாக்சி வேண்டாம், சொந்தக் காரும் வேண்டாம். ஆம்புலன்சுக்கு 995ஐக் கூப்பிடுங்கள். டாக்சி சீக்கிரம் வந்துவிடலாம், ஆனால் பின் சீட்டில் இதயம் நின்றுபோனால் ஓட்டுநர் என்ன செய்வார்? ஆம்புலன்சில் மின்னதிர்ச்சிக் கருவி இருக்கிறது, மருந்து இருக்கிறது. 1777 அவசரமில்லாதவர்களுக்கான எண், நெஞ்சு வலிக்கு அதைக் கூப்பிடக் கூடாது. அழைத்துவிட்டு அவரை உட்கார வையுங்கள். வீட்டு வாசலைத் திறந்து வைத்து, ஒருவர் கீழே போய் லிஃப்டைப் பிடித்து வைத்தால் நல்லது. அவர் மயங்கி, மூச்சும் இல்லாவிட்டால் 995இல் பேசுபவர் நெஞ்சை அழுத்தச் சொல்லித் தருவார். போனை வைத்துவிடாமல் ஸ்பீக்கரில் போட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள். வேறு ஆள் இருந்தால் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஏஇடி என்ற மின்னதிர்ச்சிக் கருவி இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வரட்டும். எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். 995இல் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மாரடைப்புக்கு வழக்கமான அளவு 300 மில்லிகிராம், விழுங்காமல் மென்று தின்ன வேண்டும். ஒவ்வாமையோ ரத்தக் கசிவோ உள்ளவருக்கும், பக்கவாதச் சந்தேகம் உள்ளவருக்கும் கூடாது. எதிர்வீட்டு மாமாவின் ஜிடிஎன் மாத்திரையை வாங்கிக் கொடுக்கவே கூடாது. ஆண்மைக் குறைவுக்கான வயாக்ரா 24 மணி நேரத்துக்குள், டாடலாஃபில் 48 மணி நேரத்துக்குள் சாப்பிட்டவருக்கு ஜிடிஎன் கொடுத்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு விழும். பிள்ளைகள் முன்னால் அப்பாக்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆம்புலன்ஸ்காரர் கேட்கும்போது நீங்கள் கொஞ்சம் அறைக்கு வெளியே போய்விடுங்கள்.

அப்புறம், வீடு திரும்பியிருக்கும் அப்பாவுக்கு ஒன்று. ஆஸ்பிரினோடு கொடுத்த அந்த இரண்டாவது மாத்திரையைப் பெரும்பாலும் ஒரு வருடம் வரை சாப்பிடச் சொல்வார்கள். பல் பிடுங்கப் போகிறேன், ஊருக்குப் போகிறேன் என்று தாமாகவே நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் கட்டி உருவாகலாம். டிகாக்ரிலோர் சாப்பிடும் சிலருக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். அது மாத்திரையால் வருகிறதா, இதயத்தால் வருகிறதா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மாத்திரைதான் காரணம் என்றால் குளோபிடோக்ரெலுக்கு மாற்ற வழியிருக்கிறது.