மைனஸ் எட்டு பெருசா, மைனஸ் மூணு பெருசா?

கேள்வி: என் பொண்ணு ஆறாவது படிக்கிறா. -8, -3 ரெண்டுல எது பெருசுன்னு கேட்டா -8தான்னு அடிச்சு சொல்றா. மிஸ் சுழிச்சு விட்டிருக்காங்க. ஏன் தப்புன்னு எனக்கே சொல்லத் தெரியல. இதுல தனிமதிப்புன்னு நம்பருக்கு ரெண்டு பக்கமும் கோடு போட்டு வேற ஒரு கணக்கு. புரியற மாதிரி சொல்லுங்களேன்.
– ஒரு அம்மா, திருப்பூர்

பதில்: உங்க பொண்ணு தப்பா யோசிக்கலம்மா, நீங்க கேட்ட கேள்விய விட்டுட்டு வேற ஒரு கேள்விக்கு சரியா பதில் சொல்றா, அவ்வளவுதான். தெருமுனை மளிகைக் கடை பற்று நோட்டை நினைச்சுக்கோங்க. ஒருத்தர் 8 ரூபா பாக்கி, இன்னொருத்தர் 3 ரூபா பாக்கி. யார் நிலைமை தேவலைன்னா 3 ரூபாக்காரர்தான், அதனால -3தான் பெருசு. யாருக்கு பாக்கி ஜாஸ்தின்னா 8 ரூபாக்காரருக்கு. இந்த ரெண்டாவது கேள்விதான் தனிமதிப்பு, அதாவது |-8| = 8, |-3| = 3. இது ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறதாலதான் மார்க் போகுது.

சும்மா கதைக்கு சொல்லல, கி.பி. 628லயே நம்ம நாட்டு கணித மேதை பிரம்மகுப்தர் மைனஸை கடன்னும் பிளஸ்ஸை சொத்துன்னும் சொல்லித்தான் கணக்குக்கு விதியே எழுதி வச்சார். அந்த ரெண்டு கோடு மட்டும் ரொம்பப் பின்னாடி வந்தது, 1841ல ஜெர்மனிக்காரர் வயர்ஸ்ட்ராஸ் கொண்டு வந்தார்.

கடன் கதை பிடிபடலன்னா ஐஸ்க்ரீம் டப்பாவ காட்டுங்க, -18 டிகிரில வைக்கணும்னு போட்டிருக்கும். -18, -5 ரெண்டுல எது ஜில்லுன்னு கேளுங்க, டக்குன்னு -18ன்னுவா. அப்போ சூடு கம்மி எதுலன்னு கேளுங்க, அதுவும் -18தானே, ஆக -18தான் சின்னது.

அப்புறம் ஹால் டைல்ஸ்ல சாக்பீஸால வரிசையா நம்பர் எழுதி பூஜ்யத்துல நிக்க வைங்க. வலது பக்கம் 4 வரைக்கும், இடது பக்கம் -3 வரைக்கும் போதும். -3க்கு எத்தனை ஸ்டெப், 3க்கு எத்தனை ஸ்டெப்புன்னு நடக்கச் சொல்லுங்க, ரெண்டுக்கும் மூணுதான் வரும், எந்தப் பக்கம் போனாலும் நடந்த தூரம் தூரம்தான், தூரத்துல ஏது மைனஸ். அப்புறம் -3ல இருந்து 4க்கு நடக்கச் சொல்லுங்க. பேப்பர்ல கேட்டா பாதிப் பேர் 1ன்னு எழுதுவாங்க, நடந்து பார்த்தா 7.

கேள்வி: தனிமதிப்பு எப்பவும் மைனஸ் ஆகாதுன்னு சொல்லிட்டு, |எக்ஸ்| = -எக்ஸ்ன்னும் புக்ல போட்டிருக்கே?
– பத்தாவது மாணவன், மதுரை

பதில்: எக்ஸே மைனஸா இருக்கும்போது மட்டும்தான் தம்பி அந்த வரி. எக்ஸ் -5னு வை, -எக்ஸ்ன்னா -(-5), அதாவது 5. முன்னாடி மைனஸ் ஒட்டிக்கிட்டிருந்தாலே மைனஸ் நம்பர்னு நினைக்கக்கூடாது, அந்தக் குறி நம்பரை பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் திருப்பிப் போடும், அவ்வளவுதான். சரி, இப்போ நான் கேக்கறேன்: தனிமதிப்பு 3ஐ விட கம்மியா இருக்கற முழுக்கள் எத்தனை? 4ன்னு எழுதியிருந்தா பூஜ்யத்த விட்டுட்ட.