தட்டினால் காசு, தட்டாவிட்டால் அதைவிடக் காசு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பஸ்ஸிலும் ரயிலிலும் தட்டிவிட்டுப் போகிற பயணக் கார்டுப் புலம்பல்தான். சுருக்கியிருக்கிறேன். வசவுகளை மட்டும் முழுசாக வெட்டிவிட்டேன், நியாயமான வசவுகளையும் சேர்த்து.

கேள்வி: காலையில் போனைத் தட்டி ஏறினேன், மாலையில் அதே வங்கிக் கார்டைத் தட்டினேன். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டோம் என்றார்கள், ஆனால் அதைத் தாண்டியும் போயிருக்கிறது. ஒரே கணக்குதானே?

பதில்: உங்களுக்கு ஒன்று, நீங்கள் தட்டுகிற ரீடர் இயந்திரத்துக்கு இரண்டு. போனுக்குள் இருக்கும் கார்டு, தன் நிஜ எண்ணைக் காட்டாமல் வேறொரு எண்ணைத்தான் காட்டும். அதனால் இரண்டு பேர் ஆளுக்குப் பாதி நாள் பயணம் செய்ததாகக் கணக்காகிறது. காலையில் எதைத் தட்டினீர்களோ, ராத்திரி வரை அதையே தட்டுங்கள்.

கேள்வி: பர்ஸோடு சேர்த்துத் தட்டுகிறேன். பஸ் கார்டில் போக வேண்டிய பணம் சில நாள் வங்கிக் கார்டில் போய்விடுகிறது.

பதில்: பர்ஸிலிருந்து கார்டை வெளியே எடுங்கள். இதற்குப் பயந்துதான் உள்ளே உலோகத் தாள் வைத்த பர்ஸ் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். தவறான கார்டில் பணம் போவது நின்றது உண்மைதான், சரியான கார்டிலும் போகவில்லை. ஒவ்வொரு கேட்டிலும் நின்று கார்டை உருவ வேண்டும், பின்னால் வரிசை முணுமுணுக்கும். இப்போது அதில் பழைய பில்களைப் போட்டு வைத்திருக்கிறேன்.

கேள்வி: லண்டனில் இறங்கிய ஸ்டேஷனில் கேட்டே இல்லை, நேராக நடந்து வெளியே வந்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் போன தூரத்துக்குச் சம்பந்தமே இல்லாத தொகை. இது அபராதமா?

பதில்: அபராதம் என்று அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள், 'அதிகபட்சக் கட்டணம்' என்பார்கள். உங்கள் கார்டில் பேட்டரி கிடையாது. ரீடர் அருகே போகும்போது அதனிடமே மின்சாரம் வாங்கி ஒரு கணம் விழித்து, இன்ன இடம், இன்ன நேரம் என்று ஒரு பதிவு விட்டுவிட்டுத் தூங்கிவிடும். இறங்கின பதிவு இல்லையென்றால் நீங்கள் எங்கே போனீர்கள் என்று கணக்குக்குத் தெரியாது. சந்தேகத்தின் பலன் பயணிக்குக் கிடையாது.

இதுவரை சரி. என் எரிச்சல் வேறு. அதே லண்டனில் பஸ் என்றால் ஏறும்போது தட்டினால் போதும். நெதர்லாந்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதும் தட்ட வேண்டும், ரயிலில் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் அங்கே வெளியேறினதாக ஒன்று, இங்கே நுழைந்ததாக ஒன்று. லண்டனில் சில மாறும் ஸ்டேஷன்களில் இளஞ்சிவப்பு ரீடர் என்று ஒன்று நிற்கும். நகரத்தின் நடுவே போகாமல் சுற்றிப் போனேன் என்பதற்குச் சாட்சியாக அதைத் தட்ட வேண்டும், தட்டாவிட்டால் நடுவே போனவரின் கட்டணத்தைக் கொடுக்க நேரலாம். புதிதாக வந்தவருக்கு இது எப்படித் தெரியும்? விதியை யாரோ எங்கோ விரிவாக எழுதித்தான் வைத்திருப்பார்கள், கை நீளுகிற இடத்தில் இருப்பது ஒரு பீப் சத்தமும் ஒரு விளக்கும். கேட் இருந்தால் நீங்கள் மறந்தாலும் அது மறிக்கும். கேட் வைக்காமல் செலவை மிச்சம் பிடித்தது அவர்கள், ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை மட்டும் உங்களுக்கு.

இணையக் கணக்கில் அந்தப் பயணம் முழுமையடையாதது என்று இருக்கும். எங்கே இறங்கினீர்கள் என்று எழுதி, கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பிக் கேளுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: சுற்றுலா பாஸ் வாங்கினேன். விமான நிலைய ரயிலுக்குச் செல்லாது என்று இறக்கிவிட்டார்கள். பாஸின் பின்பக்கம் எழுதியிருந்ததாம். மோசடிதானே?

பதில்: இல்லை. எழுதியிருந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். நான் ஒரு ஊரில் மூன்று நாள் பாஸை ராத்திரி பத்து மணிக்குத் தட்டித் தொடங்கி, நள்ளிரவில் முதல் நாளைப் பறிகொடுத்தவன். நாள் என்றால் 24 மணி நேரம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்று திட்ட ஆள் தேடினேன், கண்ணாடியில்தான் இருந்தார்.

கேள்வி: ஆப்பில் ரீசார்ஜ் செய்த பணம் அப்படியே காட்டுகிறது. கேட்டில் 'பேலன்ஸ் இல்லை' என்கிறது.

பதில்: சில கார்டுகளில் காசு சிப்புக்குள்ளேயே இருக்கும். 2019-இல் வந்த இந்தியாவின் தேசியப் பொதுப் பயண அட்டையான என்சிஎம்சி அந்த ரகம். ஆன்லைனில் கட்டிய பணம் வாசல் வரைதான் வரும், இயந்திரத்திலோ கவுன்டரிலோ கார்டை வைத்து உள்ளே ஏற்ற வேண்டும். கணக்கு முழுவதும் சர்வரில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வேறொன்று வரும். சிங்கப்பூரில் பழைய கார்டுகளை நிறுத்திவிட்டு எல்லோரையும் அந்த முறைக்கு மாற்றப் பார்த்தார்கள். தட்டும்போது கட்டணமும் மிச்சமும் தெரியாது என்று மக்கள் கொதித்தார்கள். 2024 ஜனவரியில் முடிவைக் கைவிட்டு, பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கினார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி: என் மாணவர் சலுகைக் கார்டில் அண்ணன் போய் மாட்டிக்கொண்டான். மன்னிப்புக் கேட்டால் விடுவார்களா?

பதில்: விடக் கூடாது.

கேள்வி: ஸ்டேஷன் வாசலில் ஒருவர், 'ஊருக்குக் கிளம்புகிறேன், நிறையப் பணம் இருக்கிறது' என்று சொல்லி அப்பாவிடம் கார்டை விற்றுவிட்டார். உள்ளே போனால் காலி. அப்பா இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை.

பதில்: முதலில் அப்பாவிடம் யாரும் 'ஏன் பார்த்து வாங்கவில்லை' என்று கேட்காதீர்கள். இரண்டு நாளாக அதைத்தான் அவரே தன்னைக் கேட்டுக்கொண்டிருப்பார். பார்த்தாலும் தெரியாது, கார்டின் முகத்தில் பேலன்ஸ் எழுதியிருக்காது. அந்தக் கார்டில் பணம் போட்டுப் பயன்படுத்தவும் வேண்டாம். அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, திருட்டுக் கார்டாகவே இருந்தாலும் இருக்கலாம். கவுன்டரில் நடந்ததைச் சொல்லி ஒப்படைத்துவிட்டு, அப்பா பெயரில் புதிதாக ஒன்று வாங்கிப் பதிவு செய்யுங்கள். கொடுத்த பணம் திரும்பி வருவது கஷ்டம். ஆனாலும் ஸ்டேஷன் அதிகாரியிடம் ஆளின் அடையாளத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள், விற்றவர் நாளைக்கும் அதே வாசலில்தான் நிற்பார்.