ஒரு தாயத்துக்கு எத்தனை மாலொக்?

கேள்வி: நான் கம்பஸில் இரண்டாம் வருடம். சி மொழியில் தாயங்களை (மேட்ரிக்ஸ், எண்களின் அட்டவணை) கூட்ட, பெருக்க, நிரையை (கிடை வரிசையை) நிரலாக்க (நிலைக்குத்து வரிசையாக்க) ஒரு சின்ன லைப்ரரி எழுதுகிறேன். ஒவ்வொரு நிரைக்கும் தனித்தனி மாலொக் (மெமரியில் இடம் கேட்கும் ஃபங்ஷன்), அவற்றின் முகவரிகளைப் பிடித்துவைக்க பொயின்டருக்குப் பொயின்டர். அளவுகளைத் தனி இன்ட்களாக (முழு எண்களாக) ஃபங்ஷனுக்கு அனுப்புகிறேன். 3×3 எல்லாம் சரியாக வருகிறது. ஆனால் 2×3 ஐயும் 3×4 ஐயும் பெருக்கினால் சிலவேளை புரோகிராம் விழுந்துவிடுகிறது, 1000×1000 கொடுத்தால் அசையவே மாட்டேன் என்கிறது. எங்கே பிழை?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, 3×3 சரியாக வந்ததுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. சதுரத் தாயத்தில் நிரையும் நிரலும் ஒரே எண், அதனால் இரண்டையும் எங்காவது மாற்றி எழுதியிருந்தாலும் விடை சரியாகவே வரும். 2×3 கொடுத்ததும் அந்தப் பிழை வெளியே வருகிறது. அணிக்கு வெளியே எழுதினாலும் சி மொழி தடுக்காது, பக்கத்தில் இருக்கும் மெமரியில் எழுதிவிட்டுப் பேசாமல் போய்விடும். அங்கே முக்கியமான ஒன்று இருந்தால் விழும், இல்லாவிட்டால் விழாது, "சிலவேளை" என்று நீங்கள் எழுதியதற்குக் காரணம் அதுதான். ஜிசிசி கம்பைலரில் வரி எண்களுக்கு -g யும் அட்ரஸ் சானிடைசரும் (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் வசதி) போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், எந்த வரியில் எல்லை தாண்டினீர்கள் என்று அதுவே சொல்லும்.

(அணி என்று நான் எழுதியது அரேயைத்தான், மெமரியில் அடுத்தடுத்து வைத்த எண்களை. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் தாயத்தையே அணி என்பார்கள், இணையத்தில் தேடும்போது குழம்ப வேண்டாம்.)

ஆனால் ஒரு வரியைத் திருத்துவதோடு விட்டுவிடாதீர்கள். நிரை எண்ணிக்கை, நிரல் எண்ணிக்கை, எண்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு பொயின்டர், இந்த மூன்றையும் ஒரே ஸ்ட்ரக்டில் (பலவற்றை ஒன்றாகக் கட்டிவைக்கும் பொதியில்) வையுங்கள். தாயம் எங்கே போனாலும் அதன் அளவும் கூடவே போகட்டும். அப்புறம் பெருக்கும் ஃபங்ஷன் முதல் வேலையாக, முதலாவதின் நிரல்களும் இரண்டாவதின் நிரைகளும் சமமா என்று பார்க்கவேண்டும், இல்லையென்றால் பிழை என்று சொல்லித் திரும்பவேண்டும்.

இனி மாலொக். 1000 நிரைக்கு 1000, அவற்றின் முகவரிகளை வைக்க இன்னொன்று, ஆக 1001 முறை இடம் கேட்கிறீர்கள், 1001 முறை ஃப்ரீ செய்யவும் (இடத்தைத் திருப்பிக் கொடுக்கவும்) வேண்டும். நடுவில் 600ஆவது மாலொக் இடமில்லை என்று நல் (NULL) கொடுத்தால் அதற்கு முன் வாங்கிய அத்தனையையும் தேடித்தேடித் திருப்பிக் கொடுக்கவேண்டும், அந்தப் பகுதியைச் சரியாக எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரே நீளத் துண்டாக இடம் எடுத்துவிடுங்கள். நிரை எண்ணை மொத்த நிரல்களால் பெருக்கி நிரல் எண்ணைக் கூட்டினால் வேண்டிய இடம் வந்துவிடும், நிரை, நிரல் இரண்டையும் பூச்சியத்திலிருந்து எண்ணினால். இந்தக் கணக்கை இன்டில் செய்யாமல் சைஸ்-டியில் (size_t, அளவுகளுக்கான முழு எண் வகை) செய்யுங்கள்: 50000×50000 என்றால் 250 கோடி, 32 பிட் இன்ட் 214 கோடி சொச்சத்தோடு நிரம்பிவிடும்.

வேகத்துக்கு வருவோம். 1000×1000 பெருக்கலில் 100 கோடிப் பெருக்கல்கள், அதை நீங்கள் குறைக்கத் தேவையில்லை, லூப்களின் ஒழுங்கை மாற்றினால் போதும். கலியாண அழைப்பிதழ் கொடுக்கப் போகிறவர் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு, கொட்டாஞ்சேனைக்குப் போய் ஒன்று கொடுத்து, திரும்பவும் காலி வீதியால் வந்து வெள்ளவத்தையில் அடுத்த வீட்டுக்குக் கொடுப்பாரா? ஒரு ஒழுங்கையில் இறங்கினால் அந்த ஒழுங்கையை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. புரொசசரும் அப்படித்தான். பெரும்பாலானவற்றில் ஒருமுறை மெமரிக்குப் போனால் 64 பைட், அதாவது 8 டபிள் எண்கள் (தசம எண்கள்) சேர்ந்தே கேஷுக்கு (புரொசசருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன, வேகமான மெமரிக்கு) வரும். வழக்கமான மூன்று லூப்பில் உள் லூப் இரண்டாவது தாயத்தின் நிரல் வழியே இறங்குகிறது, ஒரே துண்டாக வைத்தாலும் ஒவ்வொரு படிக்கும் 8000 பைட் தாவல், வந்த எட்டில் ஒன்றைத்தான் தொடுகிறீர்கள். உள்ளே இருக்கும் இரண்டு லூப்களையும் இடம் மாற்றுங்கள், அவ்வளவுதான். உள் லூப் நிரை வழியே நேராக ஓடும், எட்டும் பயன்படும். விடைத் தாயத்தை முதலில் பூச்சியமாக்க மறக்காதீர்கள், இப்போது அதன்மேல் கூட்டிக்கொண்டே போகிறோம். கம்பைலரில் ஓ-2 (-O2, புரோகிராமை வேகமாக்கும் தெரிவு) போட்டு இரண்டு வடிவத்தையும் நேரம் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: அ = அ × ஆ என்று, விடையையும் அ விலேயே எழுதச் சொன்னால் முதல் நிரல் மட்டும் சரி, மற்றதெல்லாம் பிழை. வேறு தாயத்தில் எழுதினால் சரியாக வருகிறது. ஏன்?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஒரு நிரையின் முதல் விடையை எழுதியதும் அங்கிருந்த பழைய எண் அழிந்துவிடுகிறது. அதே நிரையின் இரண்டாவது விடைக்கு அந்தப் பழைய எண் வேண்டுமே! கூட்டலில் இந்தச் சிக்கல் இல்லை, ஒவ்வொரு பெட்டிக்கும் அதே பெட்டி மட்டும் போதும். பெருக்கலில் தற்காலிகத் தாயம் ஒன்றில் எழுதி, முடிந்ததும் பொயின்டர்களை மாற்றிக்கொண்டு பழையதை ஃப்ரீ செய்யுங்கள்.

கேள்வி: துணிகோவையை (டிடர்மினன்ட், சதுரத் தாயத்திலிருந்து கணக்கிடும் ஓர் எண்) பாடசாலையில் படித்தபடி முதல் நிரை வழியே விரித்து எழுதினேன். 5×5 உடனே வருகிறது, 15×15 முடியவே இல்லை.
- வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: முடியாதுதான் தம்பி. அந்த முறையில் உறுப்புகளின் எண்ணிக்கை தொடர்பெருக்கமாக (5×4×3×2×1 போல) ஏறும்: 5க்கு 120, 10க்கு 36 லட்சத்துக்கு மேல், 15க்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடி. கௌஸ் முறையில் நிரைகளைக் கழித்துக் கழித்து முதன்மை மூலைவிட்டத்துக்குக் கீழே எல்லாவற்றையும் பூச்சியமாக்கி, மூலைவிட்ட எண்களைப் பெருக்குங்கள், 15×15 க்கு ஆயிரத்துச் சொச்சம் பெருக்கல்களில் முடியும். ஒவ்வொரு படியிலும் அந்த நிரலில் மீதியுள்ள எண்களில் குறியை விட்டுப் பார்த்தால் பெரியது எந்த நிரையில் இருக்கிறதோ அதை மேலே கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் பூச்சியத்தால் அல்லது மிகச் சிறிய எண்ணால் வகுக்கவேண்டி வந்து விடை கெட்டுப்போகும். நிரைகளை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் விடையின் குறி மாறும், அதை எண்ணிக்கொண்டே வாருங்கள். கடைசியில் துணிகோவை பூச்சியமா என்று == போட்டுப் பார்க்கவேண்டாம், டபிளில் பூச்சியமாக வரவேண்டியது 0.0000000000000003 போல வந்து நிற்கும். தாயத்தில் உள்ள எண்களின் பருமனுக்கு ஏற்ற ஒரு சிறு எல்லையோடு ஒப்பிடுங்கள்.